ஆய்வுகூடம் இல்லாத வகுப்பறையில் விசையும் இயக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் தரம் 9 தொடக்கம் 11 வரை விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். விசை, உராய்வு, திருப்பம் (விசை ஒரு பொருளைச் சுழற்றும் விளைவு), மிதப்பு என்று பாடம் வரும் நாட்களில் மற்றப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களும், உயர்தரம் படிக்கும் பிள்ளைகளும், சில பெற்றோரும் ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாமே என் வகுப்பில் செய்து பார்த்தவை. பிழைத்தவையும் உண்டு.

ஆய்வுகூடம் இல்லை, பிள்ளைகள் நாற்பது பேர். எங்கே தொடங்குவது?

கடைத்தெருவில். வலைச் சாமான் விற்கும் கடையில் ஈயக்குண்டுகள் வாங்கலாம். ஒரே அச்சில் வார்த்தவை என்பதால் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். அங்கேயே நைலோன் நூலும் கிடைக்கும். நைலோன் நூல் அதிகம் இழுபடாது, ஊசலுக்கு நல்லது. வீட்டில் எறியும் யோகட் கோப்பைகளைப் பிள்ளைகளே கழுவிக் கொண்டுவருவார்கள். அத்துடன் பாணி மருந்து அளக்கும் சிறு கோப்பை ஒன்று, அடிமட்டம், சில நாணயங்கள், பழைய கரம் காய்கள். இவ்வளவும் போதும்.

படிக்கற்கள் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், தண்ணீர்தான் படிக்கல். 1 மில்லிலீற்றர் தண்ணீரின் திணிவு 1 கிராம். மருந்துக் கோப்பையால் 100 மில்லிலீற்றர் அளந்து யோகட் கோப்பையில் ஊற்றினால் அதன் நிறை ஏறத்தாழ 1 நியூற்றன். "சேர், ஒரு நியூற்றன் என்றால் எவ்வளவு?" என்று கேட்கும் பிள்ளையின் கையில் அந்தக் கோப்பையைக் கொடுத்துவிடுங்கள்.

ஐந்து பேருக்கு ஒரு தொகுதி. ஆறு பேரானால் ஒருவர் வேடிக்கை மட்டும் பார்ப்பார்.

பரிசோதனைக்கு முன்பே விடையை எழுதச் சொல்கிறீர்களாமே? ஏன்?

ஆம், கொப்பியில், பேனாவால். பென்சில் என்றால் பிறகு அழித்துவிடுவார்கள். "என்ன நடக்கும்" என்று ஒரு வரி, "ஏன்" என்று ஒரு வரி. நான் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. எழுதாதவர் பரிசோதனையைத் தொடக்கூடாது.

காரணத்தைச் சொல்வதைவிட ஒரு பரிசோதனையைக் காட்டுவது சுலபம். இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்கள் எடுங்கள். மேசை விளிம்பில் அடிமட்டத்தைச் சாய்வாக வையுங்கள், ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். நீட்டிய முனையின் மேல் ஒரு நாணயம். மற்ற நாணயம் மேசையில், விளிம்பை ஒட்டி, அடிமட்டத்தின் பக்கமாக. உள்முனையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளிமுனையைச் சட்டென்று பக்கமாகத் தட்டுங்கள். அடிமட்டத்தின் மேலிருந்த நாணயம் நேரே கீழே விழும். மேசையிலிருந்தது அடிபட்டுத் தூரப் பறந்துபோய் விழும். எது முதலில் நிலத்தில் படும்?

என் வகுப்பில் பெரும்பாலும் இரண்டே விடைகள். "நேரே விழுவது கிட்டத்தில் விழுகிறது, ஆகவே அது முதலில்" என்பது ஒன்று. "பறப்பது வேகமாகப் போகிறது, ஆகவே அது முதலில்" என்பது மற்றது. இரண்டு கட்சியும் கொஞ்சம் சண்டை பிடிக்கட்டும். அப்புறம் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டுத் தட்டுங்கள். இரண்டு நாணயங்கள் விழுந்தாலும் காதில் கேட்பது ஒரே ஒரு "டிக்". 75 சென்ரிமீற்றர் உயர மேசை என்றால் இரண்டுக்குமே ஏறத்தாழ 0.39 செக்கன்தான். பக்கமாகப் போகும் வேகம் கீழே விழும் நேரத்தை மாற்றுவதில்லை.

முன்கூட்டி எழுதாத பிள்ளை அந்த ஓசையைக் கேட்டுவிட்டு "அது எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிடும். பேனாவால் எழுதிய பிள்ளைதான் இன்னொரு தரம் தட்டச் சொல்லும்.

பாரமான பொருள் முதலில் விழும் என்ற எண்ணத்தை எப்படி மாற்றுவது?

ஒரு புத்தகம், அதைவிடச் சிறிய ஒரு கடதாசி. தனித்தனியாக விட்டால் கடதாசி ஆடி ஆடி இறங்கும். பிள்ளைகள் "பார்த்தீர்களா சேர்" என்பார்கள். இப்போது கடதாசியைப் புத்தகத்தின் மேலே வைத்து விடுங்கள், ஒட்ட வேண்டாம். இரண்டும் சேர்ந்தே இறங்கும். புத்தகம் வளியை விலக்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். பிறகு அதே கடதாசியைக் கசக்கி உருண்டையாக்கிப் புத்தகத்தோடு சேர்த்து விடுங்கள். திணிவு மாறவில்லை, உருவம் மட்டும் மாறியது.

1971 ஆகஸ்டில் அப்பலோ 15 பயணத்தில் போன டேவிட் ஸ்கொட் சந்திரனில் நின்று சுத்தியலையும் பருந்தினத்து இறகு ஒன்றையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாக விழுந்தன. அந்தக் காணொளியைப் போனில் காட்டலாம், ஆனால் புத்தகத்தை விட்ட பிறகு காட்டுங்கள். முதலிலேயே காட்டினால் "சந்திரனில் ஈர்ப்பு இல்லை, அதனால்தான்" என்று ஒரு புதுப் பிழை முளைக்கும். ஈர்ப்பு இல்லாவிட்டால் சுத்தியல் விழுந்தே இராது. அங்கே இல்லாதது வளி.

ஊசலைக் கொண்டு ஈர்ப்பு ஆர்முடுகலைக் கண்டால் விடை 10.8 வருகிறது. எங்கே பிழை?

இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் வரும். விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு செக்கனிலும் எவ்வளவு கூடுகிறது என்பதுதான் ஈர்ப்பு ஆர்முடுகல். மீற்றர், செக்கன் கணக்கில் அது 9.8 அளவில் வரவேண்டும். விடை 10.8 என்றால் காரணம் அநேகமாக எண்ணிக்கை.

ஈயக்குண்டை நூலில் கட்டிக் கதவு நிலையில் தொங்கவிடுகிறோம். தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் நடு வரை சரியாக 1 மீற்றர். குண்டின் அடி வரை அல்ல, முடிச்சு வரையும் அல்ல. பக்கமாகக் கொஞ்சம் இழுத்து விட்டு 20 அலைவுகளுக்கு (போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு) எடுக்கும் நேரத்தைப் போனில் அளக்கிறோம். 39.5 ஐ நீளத்தால் பெருக்கி, ஓர் அலைவு எடுக்கும் நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் விடை.

திருகோணமலை மத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ எட்டரைப் பாகையில் இருக்கிறது. இங்கே ஈர்ப்பு ஆர்முடுகல் 9.78 அளவில் இருக்கும். ஆகவே 20 அலைவுகளுக்கு 40.2 செக்கன் வரவேண்டும். ஒருமுறை ஒரு குழுவுக்கு 38.2 வந்தது. மூன்று தரம் செய்தார்கள், மூன்று தரமும் 38 சொச்சம். நூலை அளந்தோம், சரி. போனை மாற்றினோம், சரி. பிறகுதான் பக்கத்தில் நின்று கேட்டேன். குண்டை விடும்போதே பிள்ளை "ஒன்று" என்று எண்ணத் தொடங்குகிறது! விடும்போது "பூச்சியம்" என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் 19 அலைவுக்கு நேரம் பிடித்துவிட்டு 20 ஆல் வகுக்கிறோம். 38.2 ஐ 19 ஆல் வகுத்துப் பார்த்தபோது 2.01 வந்தது. அந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை.

வேறு இரண்டு கவனங்கள். அதிகம் இழுத்து விடக்கூடாது. 10 பாகைக்குள் என்றால் நேரத்தில் மாற்றம் பொருட்படுத்தத் தேவையில்லாதது. 60 பாகைக்கு இழுத்தால் ஓர் அலைவு ஏழு சதவீதம் அளவுக்கு நீண்டுவிடும். மற்றது காற்று. கச்சான் வீசும் மாதங்களில் யன்னல் பக்கத்தில் ஊசல் கட்டாதீர்கள். மின்விசிறியையும் நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை.

குண்டின் திணிவை இரட்டித்தால் ஊசல் மெதுவாக ஆடாதா?

ஆடாது. ஒரு குண்டுக்குப் பதில் இரண்டு கட்டிப் பாருங்கள். பக்கத்துப் பக்கமாகக் கட்டுங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டினால் நடுப்புள்ளி இறங்கி நீளம் கூடிவிடும். நேரத்தை மாற்றுவது நீளம்தான். நீளத்தைக் கால்வாசியாக, அதாவது 25 சென்ரிமீற்றராகக் குறைத்தால் நேரம் பாதியாகும். 20 அலைவுக்கு 20.1 செக்கன்.

இடம் மாறினாலும் நேரம் மாறும் என்பதை உயர்தரப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 1672 இல் ஜோன் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பரிசிலிருந்து ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவிலுள்ள கயேனுக்குக் கொண்டுபோனார். அது நம்மைப் போலவே மத்திய கோட்டுக்குக் கிட்டிய ஊர். கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. ஊசலைச் சற்றுக் குறுக்கித்தான் நேரத்தைச் சரிசெய்தார். பூமி முழு உருண்டை இல்லை, இடுப்பில் பருத்திருக்கிறது என்ற கருத்துக்கு அந்தப் பிந்திய கடிகாரம் ஒரு சான்றானது.

பரீட்சையில் 9.78 என்று எழுதலாமா?

வேண்டாம். வினாத்தாளில் 10 என்று தந்தால் 10. பரிசோதனைக் கொப்பியில் மட்டும் நீங்கள் கண்ட எண்ணை எழுதுங்கள், 9.5 ஆக இருந்தாலும்.

பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் பரிசோதனை எது?

நூறு ரூபாய்த் தாள். அதை நிலைக்குத்தாகப் பிடித்துக்கொண்டு, ஒரு பிள்ளையை அதன் நடுப்பகுதியில் இரு விரல்களையும் தொடாமல் விரித்து வைத்திருக்கச் சொல்லுங்கள். "நான் விடும்போது பிடித்தால் காசு உனக்கு." தாளின் பாதி நீளம் 7 சென்ரிமீற்றர் அளவு. அது விரலைக் கடந்துபோக 0.12 செக்கன் போதும். கண் பார்த்து, மூளை அறிந்து, விரல் மூட அதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும். இத்தனை வருடத்தில் நான் இழந்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் பிள்ளை என் விரலைப் பார்க்காமல் ஊகித்து மூடியது. ஆகவே விடுவதற்கு முன் கொஞ்சம் காக்க வையுங்கள், ஒழுங்கான இடைவெளி வேண்டாம்.

பிறகு 30 சென்ரிமீற்றர் அடிமட்டம். பூச்சியம் விரலுக்கு நேரே இருக்க, விட்டுப் பிடிக்க வேண்டும். பிடித்த இடம் 15 என்றால் 0.18 செக்கன், 20 என்றால் 0.20, 25 என்றால் 0.23. இந்த அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் வகுப்பு தன்பாட்டில் நடக்கும். ஒருவர் ஐந்து தரம் செய்து சராசரி எடுக்கட்டும். அடுத்தது, பக்கத்துப் பிள்ளையோடு கதைத்துக்கொண்டே பிடிக்கச் சொல்லுங்கள். எண் கூடும்.

அப்போது கணக்கு ஒன்று கொடுங்கள். நிலாவெளி வீதியில் மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் மோட்டார் சைக்கிள் 0.2 செக்கனில் எவ்வளவு தூரம் போகும்? 3.3 மீற்றர். பிரேக்கில் கால் படுவதற்கு முன்பே. வகுப்பறையை மூன்று மீற்றர் நடந்து காட்டினால் போதும், அறிவுரை தேவையில்லை.

சடத்துவத்துக்கு (இருக்கும் நிலையிலேயே தொடரும் தன்மைக்கு) நாணயமும் அட்டையும் தவிர வேறு ஏதாவது?

கரம் காய்கள். பத்துக் காய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடிக்காயை ஸ்ட்ரைக்கரால் வேகமாக அடியுங்கள். அடிக்காய் மட்டும் பறக்கும், கோபுரம் அப்படியே ஓரடுக்கு இறங்கி நிற்கும். அதே காயை மெதுவாகத் தள்ளினால் கோபுரமும் கூடவே நகரும் அல்லது சரியும். இரண்டையும் செய்ய வேண்டும், ஒன்றைச் செய்துவிட்டு நிறுத்தக்கூடாது. மேலே உள்ள காய்களை இழுக்கும் உராய்வு இரண்டு தடவையும் இருக்கிறது. வேகமாக அடித்தபோது அது செயற்பட்ட நேரம் மிகக் குறைவு. அங்கேதான் பாடம் இருக்கிறது.

கரம் பலகை இருந்தால் மோதுகையையும் அதிலேயே காட்டலாம். இல்லாவிட்டால் இரண்டு அடிமட்டங்களை இடைவெளி விட்டு ஒட்டி, நடுவில் ஐந்து மாபிள்களை ஒட்டினாற்போல் வைத்து, ஒன்றை உருட்டி மோதுங்கள். மறுபக்கம் ஒன்று போகும். இரண்டை உருட்டினால் இரண்டு போகும். "ஒன்று இரண்டு மடங்கு வேகத்தில் போகலாமே, ஏன் போகவில்லை?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்தப் பிள்ளையைக் கவனித்துக்கொள்ளுங்கள். உந்தம் (திணிவையும் வேகத்தையும் பெருக்கி வருவது) மட்டும் காக்கப்பட்டால் அப்படிப் போகலாம். சக்தியும் காக்கப்பட வேண்டும் என்பதால் முடியாது.

உராய்வு பரப்பளவைப் பொறுத்ததல்ல என்றால் பிள்ளைகள் நம்புவதில்லையே?

நான்கூடப் படிக்கும் காலத்தில் நம்பவில்லை. செங்கல் ஒன்றை எடுங்கள். நூல் கட்டி மேசை விளிம்புக்கு வெளியே யோகட் கோப்பையைத் தொங்கவிட்டு, கோப்பையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். செங்கல் நகரத் தொடங்கும்போது எத்தனை மில்லிலீற்றர்? ஒரு கோப்பை போதாவிட்டால் வெட்டிய பிளாஸ்ரிக் போத்தலைக் கட்டுங்கள், செங்கல்லுக்கு நிறையத் தண்ணீர் தேவைப்படும். விளிம்பில் நூல் உரசாமல் வழவழப்பான பேனா ஒன்றை ஒட்டிவிடுங்கள். பிறகு செங்கல்லைப் பக்கவாட்டில் நிமிர்த்தி அதே அளவையைச் செய்யுங்கள். செங்கல்லின் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிச் சொரசொரப்பு என்றால் இரண்டு எண்களும் கிட்டக்கிட்ட வரும். அச்சில் குழி விழுந்த பக்கத்தைத் தவிருங்கள்.

தண்ணீர் சிந்தும் தொல்லை வேண்டாம் என்றால் சாய்தளம். 60 சென்ரிமீற்றர் பலகையின் மேல் புத்தகத்தை வைத்து ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். எங்கள் பலகையில் 18 சென்ரிமீற்றர் உயர்ந்தபோது வழுக்கியது. அப்போது அடிநீளம் 57. உயரத்தை அடியால் வகுத்தால் 0.32, அதுதான் நிலையியல் உராய்வுக் குணகம். புத்தகத்தின் மேல் இன்னொரு புத்தகம் வைத்தாலும் அதே உயரத்தில்தான் வழுக்கும். இதையும் முன்கூட்டி எழுத வைக்க மறக்காதீர்கள், பாதி வகுப்பு பிழையாக எழுதும்.

ஒரு குறிப்பு: நம் வகுப்பறைகளில் பிள்ளைகளின் சப்பாத்தோடு கடற்கரை மணல் வந்து சேரும். பலகையில் நாலு மணல் துகள் கிடந்தால் புத்தகம் அதன்மேல் உருண்டு சீக்கிரம் இறங்கிவிடும். முதலில் துடையுங்கள். பிறகு வேண்டுமென்றே மணல் தூவிச் செய்து பாருங்கள்.

தாக்கமும் மறுதாக்கமும் சமனும் எதிரும் என்றால் ஏன் ஒன்றையொன்று இல்லாமல் ஆக்கவில்லை?

இரண்டும் வெவ்வேறு பொருள்களில் தாக்குவதால். இந்த ஒரு வசனத்தைப் பிள்ளைகள் பாடமாக்கிவிடுவார்கள், விளங்கியிருக்காது.

பத்துப் பென்சில்களை மேசையில் சமாந்தரமாகப் பரப்பி, அதன்மேல் ஒரு கடுதாசி அட்டை. அட்டையின் மேல் சாவி கொடுத்த விளையாட்டுக் கார். காரை விட்டால் கார் முன்னே போக அட்டை பின்னே போகும். உருளைப் பென்சில் வேண்டும், ஆறு பட்டைப் பென்சில் சரிவராது. இப்போது அட்டையின் மேல் இரண்டு புத்தகங்களை ஏற்றிவிட்டு மறுபடி விடுங்கள். அட்டை மெதுவாகத்தான் பின்வாங்கும். விசை சமன்தான், திணிவு கூடியதால் ஆர்முடுகல் குறைந்தது.

வள்ளத்திலிருந்து கரைக்குக் குதித்த பிள்ளைக்கு இது புதிதல்ல. வள்ளம் பின்னே விலகிப்போகும், குதித்தவர் சில நேரம் தண்ணீருக்குள். ஆனால் கிண்ணியாத் துறையில் பாதை (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் பெரிய மிதவை) ஓடிய காலத்தில் அதிலிருந்து எத்தனை பேர் குதித்து இறங்கினாலும் பாதை அசைந்ததாகத் தெரியாது, திணிவு அவ்வளவு பெரிது. 2009 இல் 396 மீற்றர் நீளப் பாலம் வந்தபின் பிறந்த பிள்ளைகளுக்குப் பாதை என்றால் என்ன என்பதையே முதலில் விளக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் அப்பப்பாவிடம் கேட்டுவரச் சொல்வேன்.

பலூன் பரிசோதனையும் நல்லதுதான். ஆனால் "வெளியேறும் வளி பின்னாலுள்ள வளியைத் தள்ளுவதால் பலூன் முன்னே போகிறது" என்று பிள்ளைகள் எழுதுவார்கள். பலூன் உள்ளிருக்கும் வளியைப் பின்னே தள்ளுகிறது, அந்த வளி பலூனை முன்னே தள்ளுகிறது. வெளியே வளியே இல்லாத இடத்திலும் ரொக்கற் போவது அதனால்தான்.

திருப்பம், ஈர்ப்பு மையம் இரண்டுக்கும் செலவில்லாத ஒன்று சொல்லுங்கள்.

மீற்றர் கோலை இரண்டு ஆள்காட்டி விரல்களின் மேல் கிடையாக வைத்து, விரல்களை மெல்ல மெல்ல நெருக்குங்கள். எங்கே தொடங்கினாலும் விரல்கள் கோலின் நடுவில்தான் சந்திக்கும். ஒரு விரல் வழுக்கும்போது மற்றது நிற்கும், பிறகு மாறும். மையத்துக்குக் கிட்டிய விரலில் பாரம் கூட, உராய்வும் கூட, ஆகவே அது நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம். தும்புத்தடியில் செய்தால் இன்னும் வேடிக்கை. தும்பு உள்ள பக்கம் தள்ளித்தான் சந்திக்கும்.

ஈர்ப்பு மையத்துக்குத் திருகோணமலை மாவட்டப் படத்தை அட்டையில் வெட்டச் சொல்வேன். புல்மோட்டை தொடக்கம் வெருகல் வரை நீண்டு, கொட்டியாற்றுக்குடா நடுவில் குடைந்து கிடக்கும் அந்த உருவத்தின் மையத்தைக் கண்ணால் ஊகிக்க முடியாது. மூன்று ஓரங்களில் ஊசித்துளை, ஒவ்வொன்றிலும் தொங்கவிட்டு ஈயக்குண்டு கட்டிய நூலின் வழியே கோடு. கோடுகள் வெட்டும் இடத்தில் பென்சில் முனையை வைத்தால் மாவட்டமே சமநிலையில் நிற்கும். துளை இறுக்கமாக இருந்தால் அட்டை சுதந்திரமாக ஆடாது, கோடுகள் ஒரு புள்ளியில் சந்திக்காமல் சின்ன முக்கோணம் ஒன்று வரும். துளையைக் கொஞ்சம் பெருப்பியுங்கள்.

கடல்நீரில் முட்டை மிதக்கும் என்கிறார்கள். எங்களுக்கு மிதக்கவில்லையே?

எனக்கும் மிதக்கவில்லை. அதுவும் மேற்பார்வைக்கு ஒருவர் வந்து பின்வாங்கில் உட்கார்ந்திருந்த நாளில். உப்புவெளிக் கரையில் அள்ளிவந்த தண்ணீர், காலையில் வாங்கிய முட்டை. "இப்போது பாருங்கள்" என்று விட்டேன். கல் மாதிரி இறங்கியது. வகுப்பே சிரித்தது, வந்தவரும்.

கணக்கைப் பார்த்தால் அது மிதந்திருக்கவே கூடாது. ஒரு லீற்றர் கடல்நீரின் திணிவு ஏறத்தாழ 1025 கிராம். புது முட்டையின் அடர்த்தி அதைவிடக் கூட, 1080 பக்கம். ஆகவே கடலை விட உப்பான தண்ணீர் வேண்டும். அரை லீற்றர் தண்ணீரில் 60, 70 கிராம் உப்பைக் கரைத்தால் முட்டை எழும்பும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். ஒரு கட்டத்தில் முட்டை அடியிலும் இல்லாமல் மேலும் வராமல் நடுவில் தயங்கி நிற்கும். அந்த நேரம் முட்டையின் அடர்த்தியும் தண்ணீரின் அடர்த்தியும் சமன். பழைய முட்டைக்குள் வளியறை பெருத்திருக்கும், அது நல்ல தண்ணீரிலேயே மிதக்கக்கூடும். ஆகவே புது முட்டை வாங்குங்கள்.

இதைத் துறைமுகத்தோடு இணைக்காமல் திருகோணமலையில் படிப்பிப்பது பாவம். கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே கோடும், அருகே ஏணிப்படி மாதிரிச் சில கோடுகளும் தீட்டியிருப்பார்கள். எஃப் என்ற எழுத்து நன்னீர், டி என்பது வெப்பமண்டலக் கடல், எஸ் கோடைகாலம், டபிள்யூ குளிர்காலம். அந்தந்த இடத்தில் எவ்வளவு ஆழம் வரை பாரம் ஏற்றலாம் என்பதற்கான அடையாளம் அது. பாரத்தை மிதமிஞ்சி ஏற்றிக் கப்பல்கள் மூழ்கியதை எதிர்த்து சாமுவேல் பிளிம்சொல் என்ற பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் போராடினார். 1876 இல் அங்கே சட்டம் வந்தது. நன்னீருக்கான கோடு மேலே இருக்கும், ஏனென்றால் நன்னீரில் கப்பல் கூடுதலாக அமிழும். மகாவலி வந்து விழும் கொட்டியாற்றுக்குடாவில் மாரி வெள்ளத்தோடு மேல்நீர் எவ்வளவு உப்புக் குறையும் என்பதைப் போத்தலும் முட்டையுமாகவே, முட்டை எழும்ப எவ்வளவு உப்புச் சேர்க்க வேண்டியிருக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்கலாம். தரம் 11 பிள்ளைகளுக்கு நல்ல செயற்றிட்டம்.

சுவாமி மலையிலிருந்து கல் போட்டு உயரத்தை அளக்கலாமா சேர்?

கூடாது. எத்தனை தரம் கேட்டாலும் கூடாது. அது கோணேசர் கோயில் இருக்கும் மலை, கீழே வள்ளங்கள் நிற்கும். கணக்கை மட்டும் கொப்பியில் செய்யுங்கள். 100 மீற்றர் என்று வைத்துக்கொண்டால் கல் கீழே போக 4.5 செக்கன், விழுந்த ஓசை மேலே வர இன்னும் 0.3 செக்கன். வளித்தடையை விட்டுப் பார்த்தால் தண்ணீரில் படும்போது வேகம் மணிக்கு 159 கிலோமீற்றர். கீழே நிற்பவரின் தலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆசைக்கு, பள்ளிக்கூட மேல்மாடியிலிருந்து பழைய காலுறைக்குள் கடதாசி அடைத்த பந்தைப் போடலாம். கீழே ஒருவரைக் காவல் நிறுத்துங்கள். 6 மீற்றருக்கு 1.1 செக்கன். பொத்தானை அழுத்தும் கையே 0.2 செக்கன் பிந்தும் என்பதால் விடை நன்றாகப் பிழைக்கும். போனில் காணொளி எடுத்து ஒவ்வொரு சட்டமாக எண்ணினால் சரிவரும். சாதாரணக் காணொளியில் செக்கனுக்கு 30 சட்டம், ஆகவே 33 சட்டம் அளவில் வரவேண்டும்.

பரிசோதனை முடிந்த முட்டையை என்ன செய்வது?

உப்புத் தண்ணீரில் போட்டதை வீட்டுக்குக் கொண்டுபோய் அவிக்கலாம். தண்ணீருக்கு உப்புப் போட்ட பிள்ளைதான் கேட்கும், கொடுத்துவிடுங்கள்.